நான்காவது கால்சைன்

டேய்,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் பொய்யைத் திருத்து என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலை உச்சியில் நின்று ரேடியோவில் நான்கு பேரிடம் பேசினால்தான் அந்தச் சிகரம் கணக்கில் சேரும். ஆஸ்திரியாவில் உனக்கு மூன்று பேர்தான் கிடைத்தார்கள். நான்காவதாக என் கால்சைனை, ரேடியோவில் என் பெயராக நிற்கும் அந்தக் குறியை, பேசியவர்களைப் பதியும் லாக்கில் எழுதி, உன் சிக்னல் எனக்கு அருமையாகக் கேட்டதாகவும் போட்டிருக்கிறாய்.

நேற்று மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எடா, அவன் மலை மேல கேறி உன்கூடத்தான் சம்சாரிச்சானாமே! பெணக்கம் தீந்துச்சா?" நாம் பேசிவிட்டோம், சண்டை தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் சாயா வேறு வாங்கிக் கொடுத்தார்.

அந்த மலைப் பயணம் நாம் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். எனக்கு விசா கிடைக்கவில்லை என்றதும், நான் ஒவ்வொரு பாகமாகப் பற்றவைத்துச் செய்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நீ மட்டும் போனாய். ஒரு வார்த்தை கேட்டாயா?

லாக்கிலிருந்து என்னை நீக்கு. நாம் பேசவில்லை. அன்று இங்கே வீட்டு டெரஸில், என் பழைய ரேடியோ முன்னால் ஹெட்போனோடுதான் உட்கார்ந்திருந்தேன். என் கால்சைனை மோர்ஸில் பதினொரு முறை அடித்தாய். கடைசி முறை கை விறைத்து ஒரு புள்ளியை விட்டுவிட்டாய்.

சிக்னல் அருமை என்பது மட்டும் பொய்யில்லை. நான்தான் பதில் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
கேட்டுக்கொண்டிருந்தவன்