புலிவண்டின் கடைசி இரை

அண்ணா,

பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஈரமணல் வாசம் வந்தது. உங்கள் அறையின் வாசம். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா விழித்திருக்கிறா. எனக்குப் பயமாக இருக்கிறது.

போன கோடையில் இந்தப் பெட்டியோடு நீங்கள் வந்து நின்றது நினைவிருக்கிறதா? தென்னாபிரிக்கப் புலிவண்டு. கன்னங்கரேலென்று, கத்தரிக்கோல் மாதிரித் தாடைகளோடு. "பேர்தான் புலி. செட்டை ஒட்டிப்போச்சு, பறக்கவும் ஏலாதாம். இதுக்கோடா காசைக் கொட்டினனி?" என்று அம்மா சிரித்தா. "இருட்டட்டும் அம்மா, அவர் ஓடுற ஓட்டத்தைப் பாருங்கோ" என்றீர்கள். இரவு நீங்கள் ஒரு சில்லூறுப் பூச்சியைப் போட்டதும் வண்டு பாய்ந்த பாய்ச்சலில் அம்மா என் கையைக் கிள்ளிவிட்டா.

பனி வழுக்கி உங்கள் கார் கவிழ்ந்து நீங்கள் போனதிலிருந்து வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை எறும்பைக்கூடக் கொல்லக்கூடாது, கொன்றால் உங்களுக்குத்தான் ஆகாது என்கிறா மாமி. ஆனால் உங்கள் வண்டு உயிருள்ளதைத்தானே தின்னும்? மிச்சமிருந்த சில்லூறுகளை ஒளித்து ஒளித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசிச் சில்லூறு என் கையிலிருந்து துள்ளி, கூடத்தில் உங்கள் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

அன்றிரவே அது கத்தத் தொடங்கியது. வெளியே ஒரு பூச்சியும் இல்லாத பனிக்காலம். "அவன்தான் வந்திருக்கிறான்" என்றா மாமி. அம்மா அன்றைக்குத்தான் ஒரு பிடி சோறு சாப்பிட்டா. அதன்பிறகு ஒவ்வொரு இரவும் படத்தடியில் இருந்து கதைக்கிறா: "குளிருதோ ராசா?"

வண்டு பட்டினியில் இன்றைக்கு ஒரு காலைக்கூட அசைக்கவில்லை. பூச்சி விற்கும் கடை தூரத்தில், ஒடென்சே நகரில். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு, வேறெங்கும் என்னை விடமாட்டினம். அம்மா படுக்கப் போனதும் கிளாசைக் கவிழ்த்துச் சில்லூறைப் பிடித்துவிட்டேன். இதோ, என் பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கிறது. பெட்டிக்குள் வண்டின் தாடை மெல்லத் திறக்கிறது.

சுவருக்கு அப்பால் அம்மா. "இஞ்சருங்கோ, இண்டைக்கு அவன்ர சத்தத்தைக் காணேல்லை."

"படுமப்பா. நாளைக்குக் கேக்கும்." அது அப்பா.

நாளைக்குக் கேட்டால் உங்கள் வண்டு இருக்காது, அண்ணா. கேட்காவிட்டால் அம்மா என்ன ஆவா?

கட்டில் கிரீச்சிடுகிறது. அம்மா எழும்பிவிட்டா. பெட்டியையும் கிளாசையும் தூக்கிக்கொண்டு நானே அவவிடம் போகிறேன். பேச்சு விழும், அடியும் விழலாம். ஆனால் உங்களை நான் ஒருத்தியே ஒளித்து வைத்திருக்க ஏலாது.