கம்பி என்னிடம், துணி உன்னிடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றி நீ கேட்க வேண்டாம், நானே கீழே எழுதுகிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். ஏரிக்கரையில் நடக்க மூட்டை கட்டிக்கொண்டிருப்பவள் நன்றாகத்தானே இருக்க வேண்டும். இதைப் படித்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும், போடட்டும், எனக்கும் அப்படித்தான் போட்டது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஒருநாள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். இஸ்திரி ரோலரில் படுக்கை விரிப்பு போய்க்கொண்டிருந்தது, ஒரு முனை என் கையில், மறுமுனை விசில் அக்கா கையில். எங்கள் சூப்பர்வைசர்தான், மூச்சு விட்டால் மூக்கில் சத்தம் வருமே, அவர். அப்போது போன் அடித்தது. நாம் டென்ட் வாங்கிய கடைக்காரர். உங்க டென்ட்டுக்குக் கேட்ட கம்பி செட் வந்துடுச்சும்மா, பொண்ணு ஊர் அட்ரஸுக்கே அனுப்பிடட்டுமா என்று கேட்டார். எங்கள் கம்பி என் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்றேன். அதில்லம்மா, தொலைஞ்சு போச்சுன்னுதான் அவங்க சொன்னாங்க என்று இழுத்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. பழைய பில்லில் என் நம்பர்தானே இருக்கிறது, நாம்தானே கொடுத்தோம். ஊரெல்லாம் எத்தனை கடை, எல்லாவற்றையும் விட்டு அந்தக் கடைக்கே போய்க் கேட்டிருக்கிறாயே, பொய் சொல்லக்கூட உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அனுப்பிடுங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கையில் இருந்த முனையை எப்போது விட்டேன் என்று தெரியாது, விரிப்பு ரோலரில் சுருண்டு சிக்கி மெஷினையே நிறுத்த வேண்டியதாயிற்று. விசில் அக்கா திட்டவில்லை, அதுவே என் முகம் எப்படி இருந்தது என்பதற்கு சாட்சி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஹோட்டலில் யாரோ தங்கிவிட்டுப் போனவர் குப்பைக் கூடையில் போட்ட அந்த ஏரிக்கரைப் பாதை வரைபடத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள் நாம் இரண்டு பேரும் அதில் நடப்பது என்று முடிவு பண்ணி, சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். நீ அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாய், எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்கு ஒப்பிப்பாய். வேலை கிடைத்து நீ தூர தேசம் கிளம்பியபோது டென்ட்டை இரண்டாகப் பிரித்தது யார்? நீதான். கம்பி உன்கிட்ட, துணி என்கிட்ட, ஒருத்தி இல்லாம இன்னொருத்தி போகவே முடியாது பாரும்மா என்று சிரித்தாய். நானும் பெரிய அறிவாளி மாதிரி தலையாட்டினேன். இன்னொரு செட் கம்பி விலைக்குக் கிடைக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

சரி, கம்பியைக்கூட விடு. மழைக்காலம் முடிந்ததும் நீ போன் பண்ணினாய், மண் சரிஞ்சு பாதையை மூடிட்டாங்கம்மா, இந்த வருஷம் யாரையும் விட மாட்டாங்களாம் என்றாய். உன் குரல் தழுதழுத்தது. குழந்தை எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்று என் மனசு கேட்கவில்லை, போனால் போகுதுடி, ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வருஷம் போகலாம் என்று நான்தான் உன்னைத் தேற்றினேன். என்னை ஏமாற்றியவளை நானே உட்கார்ந்து தேற்றியிருக்கிறேன். கடைக்காரர் பேசிய மறுநாள் வன இலாகா ஆபீசுக்கு நானே போன் போட்டேன். அந்தப் பெண் சிரித்தாள், சரிவா, அப்படி ஒண்ணும் இல்லையேம்மா, பாதை திறந்துதான் இருக்கு என்றாள்.

அப்புறம் உன் மாமாவைப் பிடித்தேன். என் கூடப் பிறந்த தம்பி, பம்பிங் ஸ்டேஷனில் எத்தனை வால்வு கசிந்தாலும் அடைத்துவிடுகிறவன், அவன் வாயை மட்டும் அவனால் அடைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இந்த விஷயத்தில் நன்றாகவே அடைத்து வைத்திருந்திருக்கிறான். முதலில் மென்று முழுங்கினான். இரண்டாவது டம்ளர் டீக்கு மேல் தாங்கவில்லை. அக்கா, அவ அப்பாவோட போறா, கோவிச்சுக்காதே, அவரா தேடிவந்து பேசினார், பொண்ணோட நாலு நாள் இருக்கணும்னு கேட்டாராம் என்றான். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால் சைக்கிள் சாவியைத் தேடுகிறான். அம்மாகிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவாங்கன்னு அவதான் சொல்ல வேண்டாம்னா என்று உன் மேல் பழியைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உடைந்து போக நான் என்ன பீங்கான் தட்டா? உன் அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தபோது உடையாதவள், நீ உன் அப்பாவோடு பேசுகிறாய் என்று கேட்டா உடைந்துவிடுவேன்?

உனக்கு ஒன்று நேராகச் சொல்கிறேன். நீ அவரைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உன் அப்பா, போ, பேசு, அவரோடு கடற்கரைக்குப் போ, சினிமாவுக்குப் போ, உலகத்தில் வேறு எங்கு வேண்டுமானாலும் போ. அந்த ஏரிக்கரையைத்தானா கொடுக்க வேண்டும்? மரக்கிளை பட்டுக் கிழிந்த டென்ட் துணியை நான் பார்த்துப் பார்த்துத் தைத்தேனே, அந்தத் தையலுக்குக் கீழே, நான் படுக்க வேண்டிய பக்கத்தில், அவர் குறட்டை விடுவார். நீயும் அவரும் எந்தப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்றுகூட எனக்குத் தெரியும், அதையும் நான்தானே படத்தில் வட்டம் போட்டேன். அவர் என்னை விட்டுப் போனார், அது ஒரு காலத்தில் வலித்தது, பிறகு மரத்துப் போய்விட்டது. நீ என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாய், இது மரத்துப் போகுமா என்று தெரியவில்லை.

நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஷிப்ட் முடிந்ததும் பையில் ஈரத் துண்டுகளை அடைத்துக்கொண்டு ஹோட்டலின் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். நீ பாதை மூடிவிட்டது என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை, அடுத்த வருஷத்துக்கு உடம்பு வேண்டுமே என்று. ரூம் பையன்கள் லிஃப்ட் ரிப்பேரா ஆன்ட்டி என்று கிண்டல் பண்ணினார்கள். புது ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கினேன், கீழ்வீட்டுக்காரி மாடியில் என்ன குதிரை வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள். உன் அப்பா இதில் எதையும் செய்திருக்க மாட்டார். கடையிலிருந்து வாங்கிய ஷூவைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து நிற்பார், முதல் நாளே குதிகால் கொப்புளம் வரும், இரண்டாவது நாள் அவர் சுமையும் உன் முதுகில் ஏறும். பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது அவருக்குப் பழக்கம், அங்கே பஸ்ஸும் கிடையாது, எப்படிப் போவார் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீ என் பெண், அதனால் சொல்வதைக் கேள். வலது கணுக்காலுக்கு முதல் நாளிலிருந்தே பட்டை சுற்று, வலி வந்த பிறகு சுற்றிப் பிரயோஜனம் இல்லை. கூழாங்கல் கரையில் வேகமாக நடக்காதே, காலை இழுத்துவிடும். ஆறு ஏரியில் கலக்கிற இடத்தைக் காலையிலேயே தாண்டிவிடு, வெயில் ஏறினால் மேலே பனி உருகித் தண்ணீர் பெருகும் என்று ஆபீஸ் பெண் சொன்னாள். சாப்பாட்டுப் பையை டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதே, தூரமாக மரத்தில் கட்டு. உன் அப்பாவை அடுப்புப் பக்கம் விடாதே.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். நீ போகிற தேதியை மாமாவிடமிருந்து பிடுங்கினேன். அதே நாளில், பாதையின் மறுகோடியிலிருந்து உனக்கு எதிராகக் கிளம்ப எனக்கு ஒரு இடம் பதிவு பண்ணிவிட்டேன். கூட யார் வர்றாங்க என்று ஆபீஸ் பெண் கேட்டாள், எதிரே வருகிறார்கள் என்று சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. கம்பி என்னிடம் இருக்கிறது, துணிக்கு விசில் அக்கா வழி பண்ணினார். அழுக்குத் துணி வண்டிகளை மூடுகிற பழைய ரப்பர் ஷீட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு பேருமாகக் கம்பிக்கு அளவு பார்த்துத் தைத்துவிட்டோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே வராது. லீவும் அவரே எழுதிக் கொடுத்தார். மாமாவிடம் சொல்லவில்லை, சொல்லி வைக்காமல் செய்வது எப்படி என்று நீங்கள் இரண்டு பேரும்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். ஆனால் உனக்கு எழுதிவிட்டேன் பார், அதுதான் எனக்கும் உனக்கும் உள்ள வித்தியாசம்.

தேதியை மாற்றிக்கொள்ள நினைத்தால் மாற்றிக்கொள், நான் நடந்துவிட்டு வந்துவிடுவேன். மாற்றாவிட்டால் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ நாம் சந்தித்தே ஆக வேண்டும், வேறு பாதை கிடையாது. நடுவில் பாறையைக் குடைந்து ஒரு ஆள் மட்டும் நடக்கிற விளிம்பு வருகிறது, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தண்ணீர். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த அன்றைக்கு, பெட்டி இடிக்குமே என்று நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஒதுங்கி நிற்கப்போவது நான் இல்லை. நீ எந்தப் பக்கம் நிற்கப்போகிறாய் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்கோட்டை மறக்காதே. நல்லபடியாகப் போய் நல்லபடியாக வர என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

உன் மேல் கோபம் கொஞ்சமும் தணியாத
அம்மா