கொன்றை மரத்தடியில் விரித்த படங்கு

என் வாயாடி மச்சாள் சுகந்திக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்ச நேரம் பேசாமல் கேள். நீ வாய் திறந்தால் எனக்கு இடம் கிடைக்காது. இன்றைக்குத்தான் எனக்கு வாய்ப்பு வந்திருக்கிறது.

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் நீ யாரென்று சொல்லிவிடுகிறேன். நீ என் தம்பி மோகனின் மனைவி. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் தன்னாமுனைக்குத் திரும்பி வந்தாய். வந்த அடுத்த வருடமே நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

தம்பி அன்றையிலிருந்து உன் பெயரைச் சொல்வதில்லை. படத்துக்கு விளக்கு வைப்பான், பூ மாற்றுவான். பெயர் மட்டும் வராது. நாங்கள் யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவான். நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம்.

பங்குனியில் ஒருநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது உன் மகள் அபி பக்கத்தில் வந்து குந்தினாள். ஒன்பது வயதாகிவிட்டது அவளுக்கு. “மாமி, அம்மாட குரல் எப்பிடி இருக்கும்? முகம் தெரியுது, குரல் வருகுதில்ல” என்றாள். ஒரு குரலை எப்படிச் சொல்லிக் காட்டுவது? கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், சத்தமாக இருக்கும் என்றேன். அப்பாவிடம் கேட்கச் சொன்னேன். “கேட்டா அப்பா எழும்பிப் போயிடுவார்” என்றாள். அதற்குப் பிறகு எனக்குத் துருவல் சரியாக வரவில்லை.

அப்போதுதான் நீ சொன்ன பூக்கதை ஞாபகம் வந்தது. ஜப்பானில் சகுரா என்ற செர்ரிப் பூ விரியும் காலத்தில் நாடு முழுக்க மரத்தடிக்குப் போய் உட்காருமாமே. எங்களுக்குப் புயல் எங்கே நிற்கிறது என்று சொல்வதுபோல, பூ எந்த ஊரில் விரிந்திருக்கிறது என்று அங்கே ரீவியில் சொல்வார்களாம். நான் சிரித்தேன். பூப் பார்ப்பதற்கும் செய்தி வாசிப்பா என்று கேட்டேன். உனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்தான் விடியவே போய் மரத்தடியில் நீலத் தார்ப்பாய்ப் படங்கு விரித்து இடம் பிடிக்க வேண்டும் என்றாய். முதல் வருடம் அது நீதான். “நெல்லுச் சூடு மிதிக்கிற நேரம் களத்துல காவலிருக்கிற மாதிரித்தான் மச்சாள். ஆனா நெல்லும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, குளிர் மட்டும் இருக்கு” என்றாய். பகலில் கிழவர்களையும் கிழவிகளையும் சக்கர நாற்காலியில் கொண்டுவருவார்களாம். செருப்புகளைப் படங்கின் ஓரத்தில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து குச்சியில் குத்திய மூன்று நிற மாவுருண்டை சாப்பிடுவார்களாம், பாடுவார்களாம். ஒரு கிழவி வருடா வருடம் அண்ணாந்து பார்த்து, “இந்த வருசமும் பார்த்திட்டன்” என்று கை தட்டுவாள் என்றாய். அவள் இருக்கிறாளா சுகந்தி? உனக்குப் பிறகும் பூப் பார்த்தாளா?

“ஒரு கிழமை, ஏழே நாள்தான் அந்தப் பூ. அதுக்குத்தான் இந்த ஓட்டம். எங்கட கொன்றையை ஆரு நிமிர்ந்து பார்க்கிறம்?” என்று கடைசியில் என்னையே கேட்டாய். அன்றைக்கு நான் கதையை மாற்றிவிட்டேன். இந்தச் சித்திரையில் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வருடப்பிறப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை. தம்பியைக் கூப்பிட்டேன். “நீங்க போங்கக்கா. எனக்கு மில்லில வேலை கிடக்கு” என்றான். செங்கலடி மில்லில் லொறி ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நானும் அபியும் நெல் காயப்போடும் நீலப் படங்கைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனோம்.

கரையில் நிற்கும் கொன்றை அன்றைக்கு இலையே தெரியாமல் பூத்திருந்தது. நாங்கள் விரித்து முடிப்பதற்குள் படங்கு பாதி மஞ்சளாகிவிட்டது. நீ சொன்ன மூன்று நிற மாவுருண்டையை அபி தானே உருட்டி ஈர்க்கில் குத்தி வைத்திருந்தாள். பச்சைக்கு ரம்பை இலை, சிவப்புக்குப் பீற்றூட். பீற்றூட் கூடிப்போய் அவள் கையெல்லாம் சிவப்பு. செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்கத்தானே போனேன்? என்ன செய்வது, வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பெனடிக் அங்கிள் சைக்கிளில் வந்தார். உங்கள் வீட்டுக்குக் கதவு நிலை போட்டுத் தந்த அதே போர்த்துக்கேய வழிவந்த பறங்கி அங்கிள்தான். சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, சப்பாத்தையும் கழற்றிவிட்டுப் படங்கின் ஓரத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆரு புள்ள மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்ல அங்கிள். நாங்க பூப் பார்க்க வந்த.”

யாரோ செத்த துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அழ வேணும் எண்டா அழுங்க புள்ள” என்றார். அவர்மேல் பிழையில்லை. விரித்த படங்கு, கழற்றிய செருப்பு, சிந்திய பூ, அழுகிற பெண். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் செத்த வீடு. அவர் இருப்பதைப் பார்த்து பக்கத்து ஒழுங்கை வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி, உங்கட அக்கா வாவிக்கரையில் இருந்து அழுகிறா என்று தம்பிக்குப் போன் பண்ணியும்விட்டாள்.

தம்பி வீட்டில் கட்டும் சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். அதை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சரித்துப் போட்டான். “அபி எங்க? அபி எங்கக்கா?” என்றான். அந்தக் குரலை நான் இனி ஒருநாளும் கேட்கக்கூடாது மச்சாள். அபி என் முதுகுக்குப் பின்னாலிருந்து சிவந்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்கென்ன விசரா?” என்று என்மேல் பாய்ந்தான்.

நானும் விடவில்லை. “விசர்தான். ரெண்டு வருசமா நீ வாயைக் கட்டி வெச்சதுல இந்தப் புள்ளைக்குத் தாயிட குரல் மறந்து போச்சு. தெரியுமா உனக்கு?” என்றேன். ஆட்களுக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

அவன் அபியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்தான்.

நீ ஜப்பானிலிருந்து எடுத்து அனுப்பிய வீடியோவாம். லொறிக்குள் தனியாக இருந்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறானாம். எங்களுக்குத் தெரியாது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்தது. மரம் முழுக்க வெள்ளையும் ரோசும் கலந்த பூ, கீழே சக்கர நாற்காலிகள், நடுவில் நீ. “இஞ்ச பாரு அபி, அம்மாட தலையெல்லாம் பூ. நீ பெரிய புள்ளையானதும் வா என்ன, ரெண்டு பேரும் இதுல இருந்து பார்ப்பம்.”

அபி போனை வாங்கிக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “ஓம் அம்மா” என்றாள். மூன்று தரம் போட்டுக் கேட்டாள், மூன்று தரமும் பதில் சொன்னாள். பெனடிக் அங்கிள் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி தேம்பித் தேம்பி அழுதான். அழுது முடிந்ததும், “சுகந்தி எப்பவும் இப்பிடித்தான். போன் எண்டா ஊருக்கே கேக்கிற மாதிரிக் கத்துவா” என்றான். அழவந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு மாவுருண்டை எடுத்தோம்.

இப்போது அவன் வாய் ஓய்வதில்லை. நீ சோறு கருக்கியது, மோட்டார் சைக்கிள் பழகி வேலியில் மோதியது, எல்லாம் அபிக்குத் தெரியும். சிலது நான்கூடக் கேள்விப்படாதது. உன்னைப் பற்றி நீயே வெட்கப்படும் கதைகளையும் சொல்கிறான், வந்து தடுக்க முடிந்தால் தடுத்துக்கொள். அந்த வீடியோ இப்போது அபியிடமும் என்னிடமும் இருக்கிறது.

அவளை வா என்று கூப்பிட்டிருக்கிறாய். அவளும் ஓம் என்று சொல்லிவிட்டாள். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, விமானம் என்றால் பயம். இருந்தாலும் அவள் வளர்ந்ததும் அந்த மரத்தடிக்கு நானே கூட்டிக்கொண்டு வருவேன், சுகந்தி. இது என் வாக்கு.

உன் மகளை வளர்க்கும்,
உன்னோடு இன்னும் சண்டை முடியாத,
உன் மச்சாள்