கிரகணம் பார்த்த படம்

ஏன்னா, தலை ஸ்கேனுக்குப் போகிறேன். மோர்க்குழம்பு மூடி வைத்திருக்கிறேன். அப்பளத்தை நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று அந்த மலையாளி டாக்டர் கேட்டார்: “பழைய ஃபிலிம் எவிடே மாமி? அது இருந்தா அதைப் பார்த்தாலே போதும்.”

“ஆகஸ்ட் கிரகணத்தன்னிக்கு எங்காத்துக்காரர் அதைக் கத்தரியால வெட்டி, சூரியனைப் பாருங்கோன்னு தெருவுக்கெல்லாம் பிரசாதம் மாதிரி கொடுத்துட்டார்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “அப்போ பின்னயும் எடுக்கணும். ரெண்டு வருஷத்தில இது அஞ்சாவது. எக்ஸ்ரே கதிர் ஒவ்வொரு தடவையும் உடம்பில கூடிக் கூடி வரும், கேட்டோ” என்றார்.

வந்து சொன்னால், “போட்டோதானேடி, இன்னொண்ணு எடுத்தா என்ன?” என்கிறீர்கள். போட்டோ என்றால், எடுக்கிற பெண் என்னை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் ஓடுகிறாள்? தெருவில் ஒருத்தர் கண்ணும் கெடக் கூடாதென்று அன்றைக்கு அவ்வளவு பதறினீர்கள். என் தலைக்கு என்ன ஆகுமென்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதுப் படம் இந்த வீட்டுக்கு வராது. கரமனையில் தங்கை வீட்டில் இருக்கும்.

— சுப்புலக்ஷ்மி

பாலைக் காய்ச்சி உறை ஊற்றுங்கள். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். படம் இருக்கிற இடத்தில்தான் இனி நானும் இருப்பேன்.