இல்மா இழுக்க மறுத்த அலை

டுலூத்,
நவம்பர் 16, 1964

என் அர்வோவுக்கு,

நீயும் வேய்கோவும் சுகம்தானே? டெட்ராய்ட்டில் தபால் படகுக்காரர் இதை வாளியில் போட்டு உங்கள் கப்பலுக்கு ஏற்றிவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன கடிதத்துக்கு நீ நாலு வரிதான் பதில் போட்டிருந்தாய். அதில் ஒரு வரி வானிலை.

தையலறையில் மூச்சுவிட நேரமில்லை. டிசம்பர் வந்தால் எல்லா ஊரிலும் ஆடுகிற, பொம்மைச் சிப்பாய் எலிப்படையோடு சண்டைபோடும் அதே கிறிஸ்துமஸ் பாலே நாட்டியம்தான் இங்கும். ஆனால் சிகாகோவிலிருந்து வந்திருக்கும் எங்கள் புது இயக்குநர் மிஸஸ் ப்ரெண்டிஸ், நம் ஊருக்கு நம் ஊர்க் கதைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். கதையில் வரும் விருந்து இப்போது ஒரு கேப்டன் வீட்டில். பொம்மைச் சிப்பாய் மர மாலுமி ஆகிவிட்டான். எலிகளுக்குப் பதிலாக நம் ஏரி மீனையெல்லாம் உறிஞ்சிக் கொல்லும் அந்தப் பாழாய்ப்போன விலாங்குகள். வால் தைத்துத் தைத்து என் விரல் மரத்துவிட்டது.

பனி நடனம்தான் இப்போது புயல். மேடை நடுவே ஒரு மரக்கப்பல் நிற்கும். குழந்தைகள் நீளமான நீலப் பட்டுத்துணியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கப்பலை மூடுவார்கள். கப்பல் மூழ்கும். பிறகுதான் ஏரிக்கு அடியில் இரண்டாம் பாகம். நம் இல்மாதான் முதல் அலை. அவள் ஓடினால்தான் மற்றவர்கள் ஓடுவார்கள். சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று பட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நான் இதை இழுக்கலைன்னா கப்பல் முழுகாதுல்ல?" என்றாள். "நாடகம்டி இது," என்றேன். "அது தெரியும். இருந்தாலும் கேக்கறேன்," என்றாள். அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு யோசனை எங்கிருந்து வருகிறது? நீயே அவளுக்கு ஒரு வார்த்தை எழுது.

என் தம்பி வேய்கோ காதை மூடித் தொப்பி போடுகிறானா பார்த்துக்கொள். அம்மா தினமும் கேட்கிறாள். நீ கப்பலில் இருக்கும் தைரியத்தில்தான் அவனை அனுப்பினாள்.

உன்,
சில்வி

*

'ஹெலன் டோரன்' கப்பல், ஈரி ஏரி,
நவம்பர் 23

என் சில்விக்கு,

கடிதம் வாளியிலேயே வந்து சேர்ந்தது. கூடவே கொஞ்சம் தண்ணீரும். உன் கையெழுத்துப் பாதி ஏரிக்குப் போய்விட்டது. மீதியை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

வேய்கோ நன்றாக இருக்கிறான். சமையல்காரனிடம் சீட்டாடித் தோற்று, இந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்கிறான். விலாங்கு வேஷத்தைப் பற்றிச் சொன்னேன். "அக்காகிட்ட சொல்லுங்க மச்சான், எங்க கேப்டனுக்கும் ஒரு வால் தைக்கச் சொல்லி," என்றான். தொப்பி போடுகிறான், நான் பார்க்கும்போது மட்டும்.

இல்மாவிடம் சொல். ஏரிக்கு எங்கள் வீட்டுப் பெண்ணையும் தெரியாது, அவள் பிடிக்கும் துணியையும் தெரியாது. அவள் நன்றாக ஓடட்டும். மூன்றாவது வரிசையில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைக்கட்டும். டிசம்பர் பதினெட்டாம் தேதி முதல் ஆட்டத்துக்குள் நாங்கள் கரை சேர்ந்துவிடுவோம். அதோடு இந்த வருட ஓட்டம் முடிகிறது.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. காற்றுதான் கொஞ்சம் அதிகம். பூட்ஸோடு படுத்துப் பழகிவிட்டதால் கால்விரலெல்லாம் வீங்கிவிட்டது. நீ பின்னிக்கொடுத்த காலுறை இனி நுழையுமோ என்னவோ.

அன்புடன்,
அர்வோ

*

டுலூத்,
நவம்பர் 28

அர்வோ,

நீ ஏன் பூட்ஸோடு படுக்கிறாய்?

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீ பூட்ஸோடு கட்டிலில் ஏறி நான் பார்த்ததில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டாய். நான் அந்த வரியை விட்டு நகர முடியாமல் இருக்கிறேன். எழுந்து ஓடத் தயாராகத்தானே ஒருவன் அப்படிப் படுப்பான்?

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் இல்மா பாதி மேடை ஓடிவந்து நின்றுவிட்டாள். பின்னால் வந்த பிள்ளைகள் அவள்மேல் மோதி வரிசையாக விழுந்தார்கள். மிஸஸ் ப்ரெண்டிஸ் கேட்டதற்கு, "எனக்குக் கை வரலை," என்றாள். அவ்வளவுதான். இன்னொரு தடவை இப்படி நின்றால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது விளக்குப் போடுகிறவர் முதல் பியானோ வாசிக்கிற பெண் வரை யாரும் பேசுவதில்லை. எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் தண்ணீரில் இருக்கிறார்கள்.

இல்மாவிடம் நான் தைரியமாகப் பேசுகிறேன். பேசிவிட்டுச் சமையலறைக்குப் போய் வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்கிறேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறேன். ஆனால் அவள் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது.

கேலி வேண்டாம். உண்மையை எழுது.

சில்வி

*

சூ நகரம்,
டிசம்பர் 9

சில்வி,

நான் கரையில் இருக்கிறேன். முதலில் இதைப் படித்துக்கொள். மற்றதை மெல்லப் படி.

உண்மையைக் கேட்டாய். போன மாதத்திலிருந்தே கப்பலில் ஒரு சத்தம். மேல்தளத்துக்குக் கீழே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நடைபாதை உண்டென்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அலை பெரிதாகும்போது அதற்குள் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி கேட்கும். இரும்புத் தகடுகளை இணைக்கிற ரிவிட் ஆணி தெறிக்கிற சத்தம் அது. காலையில் போனால் ஆணித் தலைகள் தரையில் கிடக்கும். கூட்டி வாளியில் அள்ளுவோம். கேப்டனிடம் சொன்னேன். "பழைய கப்பல்னா அப்படித்தான் முனகும் அர்வோ. இந்த ஒரு நடைதான். குளிர்காலத்துல பட்டறைக்குப் போகுது," என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது.

நேற்று ஹியூரான் ஏரியில் சுக்கான் என் கையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கப்பலின் பின்பாதி ஒரு பக்கமும் முன்பாதி ஒரு பக்கமுமாக நெளிந்தது. எல்லாக் கப்பலும் நெளியும். இது நெளிந்துவிட்டுத் திரும்பி வர யோசித்தது. அதற்குப் பிறகு என் கை நடுக்கம் நிற்கவில்லை. இன்றும் நிற்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

இன்று காலை, கப்பலை சுப்பீரியர் ஏரி மட்டத்துக்கு உயர்த்துகிற சூ மதகில் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வேய்கோவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, உங்கக்காவுக்கு நான் பதில் சொல்லணும்," என்றேன். "எல்லாரும் எறங்கிட்டா கப்பலை யாரு ஓட்டறது? நீங்க எறங்குங்க மச்சான். நான் வரலை," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மதகு திறந்தது. கப்பல் சுப்பீரியருக்குள் போய்விட்டது. மாலையிலிருந்து பெருங்காற்று எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருக்கிறார்கள்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை. கப்பல் வீடு சேராமல் நான் வீடு சேர மாட்டேன்.

அர்வோ

*

டுலூத்,
டிசம்பர் 12

அர்வோ,

நீ தங்கியிருக்கும் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். விடுதிக்காரம்மாள், "அந்தாளு விடிஞ்சா மதகுக்குப் போயிடறாரு, சாப்பாட்டுக்குக்கூட வர்றதில்லை," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கப்பல் இன்னும் வரவில்லை. கம்பெனி ஆபீசில் கேட்டால், எங்காவது தீவு மறைவில் ஒதுங்கி நிற்கும் என்கிறார்கள். நிற்கிறது என்று சொல்லவில்லை, நிற்கும் என்கிறார்கள். பனிக்காற்றில் கப்பலின் ரேடியோவும் எடுக்கவில்லையாம்.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். அப்புறம்தான் மிச்சத்தைப் படித்தேன். என் தம்பியை நீ அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அதற்கு முன்னால் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை எனக்குக் கொடுத்ததற்கும் சேர்த்து உன்மேல் கோபம் வருகிறது.

அம்மாவிடம் நீ இறங்கியதைச் சொல்லவில்லை. நீ அவனோடு இருக்கிறாய் என்று நினைத்துத்தான் அவள் கொஞ்சம் தூங்குகிறாள்.

இல்மாவிடம் சொன்னேன். "அப்பா பயந்துட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாமா பயப்படலையா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அன்று மாலை அவளாகவே மிஸஸ் ப்ரெண்டிஸிடம் போய், தன்னை எடுத்துவிட வேண்டாம், தான் ஓடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அவளைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

சில்வி

*

டுலூத்,
டிசம்பர் 19

அர்வோ,

கப்பல் வந்துவிட்டது என்று நான் அடித்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் தேதி மதியம் வந்தது. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி, பேர்கூடத் தெரியவில்லை. வேய்கோ ஏணியில் இறங்கும்போது படியைக் காலால் தேடினான். வீட்டுக்கு வந்து சூப்பு குடித்து முடித்த பிறகுதான் சொன்னான். மேல்தளத் தகடு ஒன்று கிழிந்துவிட்டதாம். தீவு மறைவில் நான்கு நாள் பம்பு அடித்தே நின்றிருக்கிறார்கள். உன் இடத்துக்கு ஆள் இல்லாமல், கிழவர் ஹால்வர்சன் இரண்டு பேருடைய சுக்கான் முறையையும் பார்த்து நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். இதை நீ மற்றவர் வாயால் கேட்கக் கூடாதென்று எழுதுகிறேன்.

"மச்சான் சொன்னது சரிதான்," என்றான் வேய்கோ. "சரின்னு தெரிஞ்சவரு எங்ககூட இருந்திருக்கணும்." நீ பாதியில் இறங்கியது அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று முதல் ஆட்டம். அரங்கு நிறைந்துவிட்டது. நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றேன். விலாங்குகளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றின் வாலை இன்னொன்று மிதித்துக் கிழித்துவிட்டது. அப்புறம் புயல். இல்மா ஓடினாள். அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பட்டு அவளுக்குப் பின்னால் எழும்பி வந்தது. கப்பல் வரை வந்தாள். மூட வேண்டிய இடத்தில் மூடவில்லை. கப்பலைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். மற்ற பிள்ளைகளும் அவள் பின்னாலேயே சுற்றினார்கள். இசை முடிந்துவிட்டது. கப்பல் நின்றுகொண்டே இருக்கிறது. மிஸஸ் ப்ரெண்டிஸ் என் கையைப் பிடித்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அரங்கில் ஒரு இருமல் இல்லை. பிறகு யாரோ ஒரு பெண் கைதட்ட ஆரம்பித்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? மாமாதான் வந்துட்டாரே," என்று கேட்டேன். "எலனோட அப்பா கப்பல் இன்னும் வரலைம்மா. அவ எனக்குப் பின்னாடி ரெண்டாவதா ஓடறா," என்றாள். இல்மாவை எடுத்துவிட்டார்கள். இன்றிலிருந்து வேறு பெண் ஓடுகிறாள், கப்பல் மூழ்குகிறது. இல்மா தையலறையில் எனக்குப் பொத்தான் தைத்துத் தருகிறாள். நேற்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

நீ வீட்டுக்கு வர வெட்கப்படுவதாக விடுதிக்காரம்மாள் சொன்னாள். வெட்கப்படத்தான் வேண்டும். மளிகைக் கடையில் நீ நுழைந்தால் பேச்சு நிற்கும். முதல் தடவை நான் கூட வருகிறேன். இரண்டாம் தடவை நீயே போய்க்கொள். ஹால்வர்சனைப் போய்ப் பார். வேய்கோ உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறான். ஆனால் இன்று காலை காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அவரு எப்ப வர்றாரு?" என்று கேட்டான்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. ஒரு நாளில் நீ உயிரோடு இருப்பதற்காகப் பத்துத் தடவை கும்பிடுகிறேன், பத்துத் தடவை உன்னைத் திட்டுகிறேன். இதையெல்லாம் கடிதத்தில் எழுதி மாளாது. திங்கட்கிழமை காலைப் பேருந்தில் ஏறு. நேரில் வந்து வாங்கிக்கொள்.

சில்வி