ஏழு வீட்டுக்குப் பத்தொன்பது தொப்புள்கொடி

மார்ச் 14
இன்றுமுதல் எனக்குப் பள்ளியிலிருந்து விடுமுறை. ஆசிரியர்களுக்கு என்னிடமிருந்து விடுதலை.

ஓடையோரத்துப் பூர்ச்ச மரங்களுக்குத்தான் கெட்ட சேதி. சியாங்மாய் நகரத்து மருந்து வியாபாரி ஒருவர் பட்டை உரிக்க ஆள் அனுப்புகிறாராம். சந்தையில் அதன் பெயர் 'புலிபலம்'. ஊறவைத்துக் குடித்தால் இடுப்புவலி போகுமாம். சுற்றி உரித்தால் மரமும் போகும், அதை யாரும் சொல்வதில்லை.

பத்தொன்பது மரம். அதில் ஒன்று நான். நான் பிறந்தபோது அப்பா என் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் அடைத்து அதில்தான் கட்டினார். ஆளுக்கு முப்பத்தேழு உயிர் என்பது எங்கள் நம்பிக்கை; என்னுடையதில் ஒன்று அங்கே இருக்கிறது, மரம் போனால் அதுவும் போகும். மற்ற முப்பத்தாறும் சேட்டைக்கு என்பார். குழாய் எப்போதோ மக்கி விழுந்துவிட்டது. வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 15
வரப்போவது பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆட்கள். அவர்களும் எங்களைப்போல் கரேன் மலைக்குடிதான். கொடி கட்டிய மரத்தில் கத்தி வைக்க அவர்களுக்குக் கை வராது.
ஆகா!

மார்ச் 16
பத்தொன்பது குழாய் செய்து, மரத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன். விரலெல்லாம் மூங்கில் சிராய். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 18
வந்தார்கள், நான்கு பேர். ஓடையில் மீன் பிடிப்பதுபோல் நின்றேன். தலைவர் மாதிரி இருந்தவரைச் சாதூ என்று கூப்பிட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏ பொண்ணு, உங்க ஊர்ல எத்தனை வீடு?"

"ஏழு."

"ஏழு வீட்டுக்குப் பத்தொன்பது பிள்ளையா?"

"இன்னும் பிறக்கும் மாமா."

மற்றவர்கள் சிரித்தார்கள். சாதூ சிரிக்கவில்லை. கத்தியை உறையில் போட்டார். போய்விட்டார்கள். போயே விட்டார்கள்!

மார்ச் 19
அப்பா ஓடைக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். தொலைந்தேன்.

கத்தவில்லை, அதுதான் கஷ்டம். "உசிரு கட்டுற இடம்டி. அதுலயா உன் விளையாட்டு?"

ஊர்த்தலைவர் தீர்ப்பு: மரங்களுக்கு ஒரு கோழிப் பலி. பொய்க்குழாய் பதினெட்டையும் நானே கழற்ற வேண்டும். கழட்டுனா அவங்க திரும்பி வருவாங்களே — யாருக்குமே புரியலையா?
அழுதுகொண்டே கழற்றினேன். என் மரத்துக் குழாயை மட்டும் விட்டார்கள்.

ஏப்ரல் 2
தினமும் காலையில் மரங்களை எண்ணுகிறேன். பத்தொன்பது.

ஏப்ரல் 11
சாதூ வந்தார், தனியாக. இடுப்பில் கத்தி.

"குழாயெல்லாம் எங்க?"

உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும். பத்தொன்பதும் பச்சை மூங்கில், எல்லாப் பிள்ளையும் ஒரே வாரத்துலயா பிறந்துச்சு?"

"அப்ப ஏன் விட்டீங்க?"

"ஒண்ணாவது நிஜமா இருந்துட்டா?"

"ஒண்ணு நிஜந்தான். என்னோடது."

அவர் பைக்குள் கைவிட்டார். துணி சுற்றிய சின்ன மூங்கில் குழாய். போன வாரம் அவருக்கு மகள் பிறந்திருக்கிறாள், அவள் தொப்புள்கொடி அது. பூர்ச்ச மரத்தில்தான் கட்டவேண்டும் என்று அவர் மனைவி பிடிவாதமாம்.

"உங்க ஓடையில மரம் இல்லையா?"

"இருந்துச்சு. நாங்கதான் உரிச்சோம்."

எங்கள் ஊர்த்தலைவர் சரி சொல்லிவிட்டார். "எது காலி?" என்று சாதூ என்னைத்தான் கேட்டார். என்னை! என் மரத்துக்கு அடுத்ததைக் காட்டினேன். அவர் கட்டும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் மரவரிசையைப் பார்த்தார். "மிச்சம் பதினேழு?"

"பிறக்கும் மாமா," என்றேன்.