பாதிப் பலகைக்கு ஒப்பிய வடதுறையான்

வெண்சங்க நாட்டின் வடதுறையும் தென்துறையும் காக்கும் பெருந்தேவி நல்லினியார், பவழத்திட்டின் வேந்தரும் புயலிலும் கலம் விடுத்தவருமான திருமிகு அரிமாவளவர்க்கு விடுக்கும் ஓலை. நும் தீவில் மழை பொய்யாதிருக்க. நும் துறையிலிருந்து கடலேறியவர் அனைவரும் குறையாமல் கரையேறுக.

நம் நாட்டுப் பாய்ப்படகுச் சபைகள் இரண்டும் பகை தீர்ந்து ஒரே விதிக்கு உடன்பட்டன என்று கேட்டு மகிழ்ந்ததாகவும், நும் தீவிலும் இரு சபையார் முறைத்துக்கொண்டு நிற்பதால் அவ்விதியை அப்படியே எழுதி அனுப்பியருள வேண்டும் என்றும் வரைந்திருந்தீர். மகிழ்ந்தது போதும், மன்னரே. நடந்ததைக் கேளும்.

வடதுறைப் படகுக்கு ஒல்லி உடம்பு, சிறிய பாய். குறுக்கே நீண்ட பலகை ஒன்று கிடக்கும். காற்று பாயைச் சாய்க்கையில் ஆள் அதன் நுனிவரை போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவான். தென்துறைப் படகுக்கு அகன்ற வயிறு, பெரிய பாய், பலகை கிடையாது. பலகையை எடுத்துவிட்டால் வடதுறையான் கரையைவிட்டு நகரமாட்டான் என்று தென்துறைத் தலைவன் சேந்தன் சந்தைதோறும் ஏளனம் பேசுவான். வடதுறைத் தலைவன் எழினிக்கு அது நெஞ்சில் முள். பலகை எமக்கு வெறும் அலங்காரம், வெல்வது எம் கைத்திறன் என்று அவனும் விடாமல் பதில் சொல்வான். சொல்லிச் சொல்லி அதுவே வடதுறையின் மானம் என்றாகிவிட்டது. இந்த வாய்ச்சண்டையில் ஆண்டுதோறும் நடக்கும் படகோட்டப் போட்டியே இரண்டாகப் பிரிந்து, ஒரே திருநாளில் இரு துறையாரும் தனித்தனியே ஓடித் தனித்தனியே வெற்றிக்கொடி ஏற்றினர்.

நம் அமைச்சர் இரு தலைவரையும் அவைக்கு அழைத்தார். பேசிப் பேசித் தொண்டை வற்றியபின் ஓர் உடன்பாடு பிறந்தது. இரு துறைக்கும் இனிப் பாய் ஒரே அளவு. தென்துறைப் பாயில் கொஞ்சம் குறையும், வடதுறைப் பலகையில் பாதி போகும். அதாவது வடதுறையின் ஒல்லிப் படகு, முன்னைவிடப் பெரிய பாயைப் பாதிப் பலகையோடு சுமக்கவேண்டும். இது ஆகாது என்று எழினிக்குத் தெரியாதா? பிறந்தது முதல் அந்தப் படகிலேயே கிடந்தவன் அவன். முத்திரை வைக்குமுன், இதனால் நும் படகுக்கு இடையூறு உண்டோ என்று அமைச்சர் வழக்கப்படி கேட்டார். எதிரே சேந்தன் மீசையைத் தடவியபடி காத்திருந்தான். எழினி அந்த மீசையைப் பார்த்தான்.

‘‘அலங்காரந்தானே, வெட்டிக்கொள்ளுங்கள்’’ என்று சொல்லிவிட்டான்.

பலகையின் நுனியில் அமர்பவன் அவன் உடன்பிறந்த தம்பி இளநாகன். அவையைவிட்டு வெளியே வந்ததும், அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டானாம். அந்தச் சேந்தன் பல்லைக் காட்டுவதற்கா என்று எழினி சீற, தம்பி போய்ப் பலகையைத் தன் கையாலேயே அறுத்தான்.

ஓட்டத்தன்று எழினி பட்டு உடுத்திக் கரையில் தலைவர் இருக்கையில் வீற்றிருந்தான். பாதி வழியில் காற்று திரும்பிப் பாய் புடைத்தது. இளநாகன் நுனியை நோக்கிப் பாய்ந்தான். அவன் உடம்பு பழகிய இடத்தில் பலகை இல்லை. படகு கவிழ்ந்து, நனைந்த பாய் அவனை மூடிக்கொண்டது. முன்னே போய்க்கொண்டிருந்த தென்துறையார் ஓட்டத்தை விட்டுத் திரும்பி வந்து தேடினர். அவர்கள் கைக்கு உடல்தான் கிடைத்தது.

நாம் விசாரித்தபோதும் எழினி வாய் திறந்து பலகையைச் சொல்லவில்லை. தம்பி கால் வழுக்கிவிட்டான் என்றே சாதித்தான். தன் பேச்சைக் காப்பாற்றச் செத்தவன் தலையில் பழி போட்டான்! அப்போது இளநாகனின் மனைவி பூதை எழுந்தாள். நம்மையோ அவையோரையோ அவள் பார்க்கவில்லை.

‘‘மாமா, அவருக்கா கால் வழுக்கும்?’’ என்று அவனிடம் மட்டும் கேட்டாள்.

எழினி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவ்விதியைத் தீயில் இட்டோம். ஆதலால் நீர் கேட்டது வாராது. அதற்கு ஈடாக, இவ்வோலையைச் சுமந்து நும் முன் தலைகுனிந்து நிற்கிறானே, அவன்தான் எழினி. நும் இரு சபையாரையும் கூட்டி, நம் அவையில் சொல்ல மறுத்ததை நும் அவையில் அவன் உரக்கச் சொல்லச் செய்க. சொன்னான் என்பதற்கு இதன்கீழ் நும் முத்திரை இட்டுத் திருப்பி அனுப்புக; அதைக் கண்டபின்பே அவனுக்கு நம் துறை திறக்கும். இது வெண்சங்க முத்திரை இட்ட ஆணை.

அவன் சொல்லவேண்டியது நீளமானதன்று: ‘‘பலகை இல்லாமல் எங்களால் முடியாது.’’